ராக்கெட் கிளம்பிய நேரம் கயிறு என் கையில்

பழையகாயலைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் உப்பளம். உப்புக் குவியலில் பட்ட வெயில் கண்ணைக் குத்தியது. காலில் செருப்பு இல்லை. தோளில் பள்ளிக்கூடப் பை. புத்தகங்களையெல்லாம் எடுத்து வீட்டில் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, ஒரு சட்டையும் அப்பா கடலுக்கடியில் போட்டுக்கொள்ளும் முகக்கண்ணாடியும் மட்டும் வைத்திருந்தேன். கண்ணாடியின் ரப்பர் வெயிலில் சூடாகி, பைக்குள்ளிருந்து உப்பும் வாய் எச்சிலும் கலந்த ஒரு வாடை வந்தது. அப்பாவின் வாடை அது. திரும்பிப் பார்த்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். நான் பார்க்கவில்லை. பன்னிரண்டு வயது எனக்கு.

இத்தனை வருடம் சொல்லாததை இப்போது ஏன் சொல்கிறேன் என்று என் வயதுக்காரர்கள் கேட்கலாம். போன மாதம் குலசேகரன்பட்டினம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் போடப் போயிருந்தேன். ராக்கெட் விடுவதற்காக அங்கே வேலை நடக்கிறது அல்லவா, டீக்கடையில் அதுதான் பேச்சு. ராக்கெட் விட விட வானம் ஓட்டையாகும், மழை மேகம் அந்த வழியாகப் போய்விடும், கடலில் மீன் சூடேறிச் செத்து மிதக்கும் என்றெல்லாம் சொன்னார்கள். சொன்னவர்களில் இரண்டு பேர் என்னைவிடப் பெரியவர்கள். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பேச்சு வரும் இடத்தில் நான் உட்காருவதில்லை. எழுந்து வந்தது சரியா என்ற நினைப்பு மட்டும் விடவில்லை. அதனால்தான் இது.

எங்கள் வீடு தூத்துக்குடியில் கடலை ஒட்டிய தெருவில் இருந்தது. அப்பா சங்கு எடுக்க முங்குகிறவர். முத்துக்குளிப்பு நான் பிறப்பதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. முத்து என்பது எங்கள் வீட்டில் பேச்சு, சங்குதான் சோறு. வள்ளத்தில் ஒரு கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து நீளமான ரப்பர் குழாய். அப்பா அதன் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பில் ஈயக் கட்டும் ஒரு கயிறும் கட்டி இறங்குவார். பன்னிரண்டு பாகம் ஆழம். இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ, அது ஒரு பாகம்.

அந்தக் கயிற்றை மேலே பிடிக்கிறவன் முங்குகிறவனின் மச்சானாக இருக்க வேண்டும். முத்துக்குளித்த காலத்து வழக்கம் அது. மனைவியின் உடன்பிறந்தவன் கண்ணயர மாட்டான், அவன் அக்காவின் தாலியல்லவா மறுமுனையில் இருக்கிறது. அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது. மகனும் பிடிக்கக் கூடாது. அண்ணன் தம்பியை ஏன் விலக்கினார்கள் என்று புரிந்தது, சொத்து. மகனை ஏன் விலக்கினார்கள் என்று யாரும் சொன்னதில்லை. அதனால் எங்கள் வள்ளத்தில் கயிறு எப்போதும் மாமா கையில், அதாவது அம்மாவின் தம்பி கையில். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் வள்ளத்தில் போவேன், சங்கை எண்ணித் தரம் பிரிப்பதற்காக.

கீழிருந்து கயிறு ஒரு முறை இழுபட்டால் இன்னும் விடு என்று அர்த்தம். இரண்டு முறை என்றால் பை நிறைந்தது, தூக்கு. மூன்று முறை என்றால் நான் வருகிறேன். மூன்று இழுப்பு வராமல் ஆளைத் தூக்கக் கூடாது. வரும்போதும் பாதி வழியில் நிறுத்தி, ஒரு பீடி குடித்து முடிக்கும் நேரம் அங்கேயே தொங்கவிட்டு, அதற்குப் பிறகுதான் மேலே ஏற்றுவார்கள். ஏன் என்று கேட்டால், "அப்படித்தான்லே" என்பார் மாமா.

ராக்கெட் பேச்சைத் தொடங்கியது சம்மாட்டி, வள்ளத்துக்குச் சொந்தக்காரர். கம்பத்தில் தொங்கும் டிரான்சிஸ்டர் அவருடையது. இன்னும் நாலு நாளில் ராக்கெட் விடப்போகிறார்கள் என்று அதில் செய்தி வந்திருந்தது.

"ஏ மாப்ள, இந்த ராக்கெட்டு மேல போகுதே, எங்கன போயி வெளிய வரும்?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"நாம தண்ணிக்கடியில இருந்து வந்து தலைய வெளிய நீட்டுதம்லா அண்ணாச்சி, அது மாதிரிதான். நாம கிடக்கது காத்துக்கடியில. அது காத்த முட்டிக்கிட்டு வெளிய தலைய நீட்டும்."

"அப்ப வானத்துக்கும் மேமட்டம் உண்டுங்குதியா?"

"இல்லாட்டா காத்து பூராம் ஒழுகிப் போயிராதா?"

மாமா கேட்டார்: "முட்டுத இடத்துல ஓட்டை விழும்லா அத்தான்?"

"விழும். பொறவு மூடிக்கிடும்."

சம்மாட்டி யோசித்தார். "அது மூடுத வரைக்கும் காத்து மேல பாயும். அந்நேரம் அடியில குழாயைக் கடிச்சிக் கிடக்கவன் கதி? மேல இருந்து உறிஞ்சிரும். நெஞ்சு உள்ள இழுத்துக்கிடும்."

"அண்ணாச்சிக்கு மதினி சத்தம் போட்டாலே நெஞ்சு உள்ள இழுத்துக்கிடும். ராக்கெட்டு எதுக்கு?" என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரித்ததில் பீடிப்புகை மூக்கில் ஏறி இருமினார். நான் சிரிக்கவில்லை. அப்பாவின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் பொழுதுபோக்காகச் சொல்வதைப் பிள்ளைகள் எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்கள் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. நான் பெரியவனான பிறகு எனக்கும் தெரியவில்லை.

அந்த நாள் வந்தது. காலையில் இறங்கிய அப்பா இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடியில் இருந்தார். நல்ல சங்குப் படுகை கிடைத்திருந்தது. அப்போது கம்ப்ரசரின் பெல்ட் நழுவத் தொடங்கியது. சம்மாட்டி ஒற்றை ஆளாகப் பிடிக்க முடியாமல் மாமாவைக் கூப்பிட்டார். மாமா கயிற்றை என் கையில் கொடுத்து, "சும்மா பிடிச்சிக்க. ஒண்ணும் செய்யாத. இந்தா வந்துட்டேன்" என்று பின்பக்கம் போனார். இருவரும் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார்கள். எஞ்சின் சத்தத்தில் அவர்களுக்கு எதுவும் கேட்காது. டிரான்சிஸ்டர் என் தலைக்கு மேலேயே இருந்தது.

அதில் இங்கிலீஷில் எண்ணத் தொடங்கினார்கள், பத்திலிருந்து கீழே. கயிற்றை மூன்று முறை இழுத்தேன், வாருங்கள் என்று. கீழிருந்து ஒரே ஒரு இழுப்பு வந்தது, இன்னும் விடு என்று. ஐந்து, நான்கு. வானத்தைப் பார்த்தேன். வெறும் வெள்ளை. காலை வள்ளத்து விளிம்பில் முட்டுக்கொடுத்து, என் உடம்பில் இருந்த பலம் அத்தனையும் வைத்து இழுத்தேன். என்னவோ ஆபத்து என்று நினைத்து அப்பாவும் ஈயக் கட்டை அவிழ்த்துவிட்டுக் காலால் உந்தி வந்தார். பாதியில் நிற்கவில்லை. டிரான்சிஸ்டரில் கை தட்டினார்கள். அப்பாவின் தலை தண்ணீருக்கு மேலே வந்தது.

"என்னலே?" என்றார், மூச்சு வாங்க.

"ராக்கெட்டுப்பா."

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். வள்ளத்தில் ஏறி ஈரக் கையை என் தலையில் வைத்து அமுக்கி, "கோட்டிக்காரப் பய. மாமாட்ட சொல்லிறாத, கொன்னுருவான்" என்றார். பீடி பற்றவைத்தார். பீடி பாதி தீர்வதற்குள், "கால் மரத்துப் போச்சிலே, கொஞ்சம் நீவிவிடு" என்றார். நீவினேன். நீவுகிறேன் என்றே அவருக்குத் தெரியவில்லை.

எழுந்து நிற்கப் பார்த்து விழுந்தார். பலகை அதிர்ந்ததில்தான் மாமாவும் சம்மாட்டியும் திரும்பினார்கள்.

பக்கத்து வள்ளத்தில் ஒரு கிழவர் இருந்தார். குழாய் வருவதற்கு முன்பு மூச்சைப் பிடித்து முங்கியவர். கூச்சல் கேட்டு எங்கள் வள்ளத்துக்குத் தாவி வந்து, அப்பாவின் தொடையைக் கிள்ளினார்.

"தெரியுதா?"

"இல்ல."

"எப்படிவே மேல வந்தீரு? நின்னு நின்னு வந்தீரா, இழுத்துப் போட்டானுவளா? இழுத்துப் போட்டிருந்தா இப்பவே திரும்பக் கீழ இறக்கணும். அதே ஆழத்துக்குக் கொண்டு போயி, கொஞ்சங் கொஞ்சமா ஏத்தணும். நின்னு வந்தீருன்னா இது வேற சீக்கு. தண்ணிக்குள்ள இறக்குனா செத்துப்போவீரு. யோசிக்காம சொல்லும்."

அப்பா என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். இழுப்பு வராமல் ஆளைத் தூக்கியவனை வள்ளத்திலேயே வைத்து அடிப்பார்கள். கயிற்றைக் கைமாற்றி ஆளுக்குக் கேடு வரவைத்த மச்சானை அதற்குப் பிறகு எந்த வள்ளத்திலும் ஏற்றமாட்டார்கள். இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியும். கால் மரத்துப்போவதும் புதிதல்ல, முன்பு இரண்டு தடவை சாயங்காலத்துக்குள் சரியாகியிருக்கிறது.

"நானாத்தான் வந்தேன். நின்னுதான் வந்தேன்" என்றார்.

என் காலடியில் கிடந்த கயிற்றைப் பார்த்துவிட்டுக் கிழவர் என் பக்கம் திரும்பினார். "ஏலே, கயிறு உன் கையிலல்லா கிடந்திச்சி. நீ சொல்லு."

"தானா வந்தாவ" என்றேன்.

அவ்வளவுதான். நான் வாழ்க்கையில் சொன்ன பொய்களிலேயே சின்னது அது.

சம்மாட்டி டிரான்சிஸ்டரைப் பார்த்தார். "அப்ப ராக்கெட்டுதான். நான் அன்னைக்கே சொன்னேம்லா?" என்றார். மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினார்கள். மூன்று மணி நேர ஓட்டம். வழி முழுக்க நான் அப்பாவின் காலை நீவிக்கொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் எங்கள் வீடு பார்வை பார்க்கும் இடமாகிவிட்டது. ராக்கெட் அடித்த ஆள் என்று வெளியூரிலிருந்தெல்லாம் வந்தார்கள். வாசலில் நின்று, "இந்த வீடுதானா?" என்று கேட்பார்கள். வானத்து ஓட்டை நேராக வள்ளத்துக்கு மேலே விழுந்ததாக ஒருவர் சொன்னார். கடல் ஒரு முழம் மேலே எழும்பியதைக் கண்ணால் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். அப்பா மறுக்கவில்லை. கட்டிலில் சாய்ந்துகொண்டு, "ஆமா, ஒரு இழுப்பு இழுத்திச்சி" என்பார். சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வரும். மற்ற நேரங்களில் அம்மா அவருக்கு அடியில் விரித்த துணியை மாற்றும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோதும் மெதுவாகத்தான் வந்தேன் என்றே சொன்னார். டாக்டர் நம்பாதவர் போல அம்மாவிடம், "வேகமா மேல வந்தா ரத்தத்துல காத்து குமிழியிடும்மா. அந்த ஒரு மணி நேரத்துக்குள்ள பாத்திருந்தா நடந்திருப்பாரு. இனி நம்ம கையில இல்ல" என்றார். அம்மா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினாள். அவள் கேட்டதெல்லாம் கால் வரவேண்டும் என்பது ஒன்றுதான். நானும் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். நான் கேட்டது வேறு, யாருக்கும் தெரியக் கூடாது என்று.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் சார் நாசரேத்துக்காரர். வெள்ளைச் சட்டையில் சாக்பீஸ் தூள் படாமல் பாடம் நடத்துவார். ஒருநாள் காற்றைப் பற்றிப் பாடம் வந்தபோது எழுந்து கேட்டேன்.

"சார், காத்து எங்க முடியும்?"

"முடியுற இடம்னு ஒரு கோடு கிடையாது. மேல போகப் போக மெலிஞ்சுக்கிட்டே போகும். இதுக்கு மேல விண்வெளின்னு நாமளா ஒரு உயரத்தைப் பேசி வச்சிருக்கோம். அங்க போய்ப் பார்த்தா ஒண்ணும் இருக்காது."

"அப்ப ராக்கெட்டு முட்டாதா சார்? ஓட்டை விழாதா?"

"நீ கடல்ல குதிக்கியே, கடல் ஓட்டையாயிருதா?"

வகுப்பு சிரித்தது. சார் கரும்பலகையில் படம் போட்டார். ராக்கெட் நேரே மேலே போவதில்லை, கொஞ்சம் ஏறியதும் சாய்ந்து, கடலுக்கு மேலாகப் பக்கவாட்டில் ஓடுகிறது என்று வளைவாக ஒரு கோடு இழுத்தார். நம்ம ஊருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். நான் உட்கார்ந்தேன். எந்த மேல்மட்டத்துக்குப் பயந்து அப்பாவை இழுத்தேனோ, அது இல்லவே இல்லை. மேல்மட்டம் இருந்தது கடலுக்கு மட்டும்தான். அதை அவர் முட்டிக்கொண்டு வெளியே வந்தது என்னால்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் அப்பா விட்ட இடத்தில் இப்போது மாமா முங்கிக்கொண்டிருந்தார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, மச்சான் இல்லை. கயிற்றை யார் யாரோ பிடித்தார்கள். மாசி மாதத்தில் ஒருநாள் மறுபடி ராக்கெட் செய்தி வந்தது. சம்மாட்டி எல்லா வள்ளத்துக்காரர்களையும் கூட்டி ஒரு முடிவு செய்தார். ராக்கெட் கிளம்பும் நேரம் அடியில் யார் கிடந்தாலும் கேட்காமல் கொள்ளாமல் இழுத்து மேலே போட்டுவிட வேண்டும், எங்கள் அப்பாவுக்கு வந்தது இன்னொருவனுக்கு வரக்கூடாது.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். "யப்பா, சொல்லிருங்க. மாமாவை இழுத்துப் போட்டுருவாவ."

அப்பா கூரையைப் பார்த்தார். "மெதுவாத்தான் இழுப்பானுவளாயிருக்கும்."

"மாட்டாவப்பா."

"சொன்னா நீ எங்கனலே நிப்ப? இந்தத் தெருவுல எவன் உன் மூஞ்சியில முழிப்பான்? பேசாமக் கிட."

ராக்கெட் விடும் நாள் விடிந்ததும் கரைக்கு ஓடினேன். குழாயைச் சுருட்டி வள்ளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாமாவும் சம்மாட்டியும் இருந்தார்கள், கிழவரும் இருந்தார். எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. நான்தான் இழுத்தேன், அப்பா தானாக வரவில்லை, பாதியில் நிற்கவில்லை என்று சொல்லி முடித்தபோது, மாமாவின் கையிலிருந்து குழாய் மணலில் விழுந்தது.

சம்மாட்டி நம்பவில்லை. "கெட்ட சொப்பனம் கண்டியால?" என்றார். என்னை நடத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். அப்பாவின் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். குசினியில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று ஊதுவதை நிறுத்தியது எனக்குக் கேட்டது.

மாமா கேட்டார்: "அத்தான், பிள்ள சொல்லுதது மெய்யா?"

அப்பா கட்டில் சட்டத்தைப் பிடித்துத் தலையைத் தூக்கினார். பிறகு, "ஆமா" என்றார்.

கிழவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த ஒரு மணி நேரம்வே. அதைக் குடுத்திருந்தீருன்னா..." என்று தொடங்கி, முடிக்காமல் வெளியே போய்விட்டார். மாமா தன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான்தானே கயிற்றை விட்டேன், நான்தானே விட்டேன் என்று. அன்று எந்த வள்ளமும் போகவில்லை. மாமாவுக்கு இன்று அறுபத்தைந்து வயதிருக்கும். இரண்டு காலோடும் இருக்கிறார்.

அம்மா குசினி வாசலில் நின்றாள். அப்பாவைப் பார்த்து, "எனக்காவது சொல்லியிருக்கலாம்லா. நான் யார்ட்ட என்ன கேட்டு அழுதிட்டு இருந்தேன்" என்றாள். மத்தியானம் வழக்கம்போல எனக்குச் சோறு போட்டாள். மீனும் வைத்தாள். நான் தின்றேன்.

எல்லோரும் போன பிறகு அப்பா கூப்பிட்டார். கட்டில் பக்கத்தில் நின்றேன். அடிப்பார் என்று நினைத்தேன், கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் நின்றேன்.

"ஏலே, ராக்கெட்டுன்னே இருந்துட்டுப் போயிருக்கலாம்லா" என்றார்.

சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இடுப்புக்குக் கீழே உடம்பு திரும்பவில்லை, முகம் மட்டும் திரும்பியது. நான் பையை எடுத்தேன்.

அவர் அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். இரண்டு முறை போய்ப் பார்த்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டார், ராக்கெட்டைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அவர் இறந்தபோது நான் சூரத்தில் ஒரு சாயப்பட்டறையில் இருந்தேன். தந்தி வந்து, நான் ரயில் பிடித்து வருவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. முகக்கண்ணாடி அந்தச் சூரத்து அறையிலேயே தங்கிவிட்டது. ரப்பர் அப்போதே பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது.

வீட்டை விட்டு வந்த அன்று முக்காணிப் பாலத்தில் ஏறும்போது பொழுது சாய்ந்திருந்தது. ஆற்றில் இறங்கித் தண்ணீர் குடித்தேன். உப்பு இல்லாத தண்ணீர் வாய்க்குப் புதிதாக இருந்தது. ஆத்தூருக்கு வந்து, வெற்றிலைக் கடை ஒன்றின் வாசலில், ஈரச் சாக்குக் குவியலுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

விடிந்ததும் எதிரே ஒரு சைக்கிள் கடையைத் திறந்தார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"எந்த ஊருலே?"

"தூத்துக்குடி அண்ணாச்சி. எதாவது வேலை இருக்கா?"

"உங்கப்பா என்ன செய்தாவ?"

"சங்கு எடுத்தாவ. இப்ப கால் வராது."

"ஏன், என்னாச்சி?"

கடைக்குள் டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி கையில் பம்புடன் நின்றார். ராக்கெட் என்று சொல்லியிருந்தால் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து முழுக் கதையும் கேட்டிருப்பார்.

"நான் கயித்த இழுத்துட்டேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மேற்கொண்டு கேட்கவும் இல்லை. பம்பை என்னிடம் நீட்டி, வாசலில் நின்ற சைக்கிளைக் காட்டினார். பின்னால் ஆள் உயரத்துக்கு வெற்றிலைக்கட்டு ஏற்றியிருந்தது. "பின் வீலுக்குக் காத்து அடி. பாரம் கூட, பாத்து அடி. டியூப்பை வெடிக்க வச்சிராத" என்றார்.

இரண்டு அடி அடித்தேன். நிறுத்தி, டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். மறுபடி இரண்டு அடி, மறுபடி அழுத்திப் பார்த்தேன். சந்தைக்கு நேரமாகிறது, சீக்கிரம் அடி என்று வெற்றிலைக்காரர் சத்தம் போட்டார். நான் வேகமாக அடிக்கவில்லை.